டீசல் காரும் ஒரு சின்னத் தகடும்

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவனின் கருத்து)



மலர்க் குழுவில் இருக்கிற நண்பன் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "காதல் கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே ஒரு ஃபைல் நிறைய வந்து கிடக்கு." எனக்குக் கவிதை வராது. காதலும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு டீசல் கார் ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு கேன்டீனில் என்னைத் திட்டலாம், பரவாயில்லை.

கார் 2010 நவம்பர் மாடல். நாலு சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். கம்பெனிப் பெயர் வேண்டாம், இது விளம்பரம் இல்லை. அப்பா அதை 2013இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அப்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் முதல் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். இப்போது மீட்டர் 2,40,000ஐத் தாண்டிவிட்டது; நான் கடைசி செமஸ்டரில் நிற்கிறேன், ஒரு அரியரோடு. (எந்தப் பாடம் என்று கேட்காதீர்கள்.)

எங்களுக்குப் பலகாரக் கடை. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், கைமுறுக்கு, அதிரசம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் சுமார் 85 கிலோமீட்டர். வாரம் இரண்டு தடவை திருப்பத்தூர், மேலூர் வழியாகத் தகர டின்களை ஏற்றிக்கொண்டு அப்பா போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் குடும்பத்தோடு போவோம். பின் சீட்டில் உட்கார்ந்தால் சட்டையில் முறுக்கு வாசம் ஒட்டிக் கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்.

இந்தக் காரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். ஆனால் கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறார். நோட்டு தீர்ந்தால் அடுத்த நோட்டு. இதுவரை ஐந்து நோட்டு. நம்ம லேப் ரெக்கார்டில் ரீடிங்கை எங்கிருந்து எழுதுகிறோம் என்று நமக்கே தெரியும்! அப்பாவின் நோட்டில் ஒரு ரீடிங்கூட பக்கத்து பெஞ்சிலிருந்து வந்ததில்லை.

* * *

அப்பா ஏன் டீசல் வாங்கினார்? எல்லாரும் வாங்கினார்கள், அதுதான் காரணம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது, டீசலுக்கு எடுக்கவில்லை. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! யார்தான் விடுவார்கள்? அந்தக் காலகட்டத்தில் பெட்ரோல் கார்கள் ஷோரூமில் தூசி வாங்கிக் கொண்டிருந்தன. டீசல் காருக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் அரை ரூபாய் வாக்கில் ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். 2025இல் தமிழ்நாட்டில் பெட்ரோல் சுமார் 101, டீசல் சுமார் 92. ஒன்பது ரூபாய்தான் இடைவெளி.

நம்ம ஊருக்கு டீசல் கார் புதுசு இல்லை. அம்பாசடரின் 1489 சி.சி. டீசல் எஞ்சின் ஏறக்குறைய 40 குதிரைசக்திதான். ஆனாலும் அது ஏறாத ஊர் இல்லை. பின்னே 1998 கடைசியில் இண்டிகா வந்தது. 2007இல் 1248 சி.சி. ஃபியட் எஞ்சினோடு ஸ்விஃப்ட் டீசல் வந்தது. அந்த ஒரே எஞ்சினை எத்தனையோ கம்பெனிக் கார்களில் பார்த்தோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. வேறு சில கம்பெனிகள் இன்னும் விற்கின்றன. ஆக டீசல் குடும்பக் கார் என்பது ஒரு தலைமுறைக் கதை, அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் எங்கள் கார் நிற்கிறது.

செட்டிநாட்டில் இன்னொரு ரகக் கார் உண்டு. பெரிய வீடுகளில் பின் தெரு வாசல் பக்கம் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு என்று வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது துணியை எடுப்பார்கள். நான் லீவில் உதவிக்குப் போகிற பட்டறைக்கு இந்த மாதிரி அழைப்பு அடிக்கடி வரும். பேட்டரி செத்திருக்கும். ஒயரை எலி கடித்திருக்கும். டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஓடி ஓடிக் கெட்ட டீசல் காரைவிட நின்று நின்று கெட்ட டீசல் கார்தான் அதிகம் என்பது பட்டறை அண்ணன் கணக்கு. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

எங்கள் காருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வாரத்தில் நாலைந்து நாள் ஓடும். அதனால்தான் இவ்வளவு நாள் தாக்குப் பிடித்தது. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு கிளட்ச் செட், மூன்று பேட்டரி, ஒரு ஆல்டர்நேட்டர், டயர் எத்தனையோ. எஞ்சின் இன்றுவரை இறக்கவில்லை. ஒரு தடவை ஒரு பெட்ரோல் பங்க்கில் போட்ட டீசலில் தண்ணீர் கலந்து வந்து மேலூர் தாண்டி வண்டி நின்றது. இருபத்திரண்டு டின் பலகாரம் மினி லாரியில் மதுரை போனது. அதோடு டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கிற தண்ணீர் வடிக்கும் திருகை மாதம் ஒருமுறை திறப்பது என் வேலையாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

* * *

2019ஆம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. வண்டி இழுவை குறைந்துவிட்டது என்று அப்பா ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனார். கூட நானும் போனேன். அவர் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஈ.ஜி.ஆரை அடைச்சிருவோம் அண்ணே. மைலேஜும் கூடும், இழுவையும் வரும்" என்றார். லேத் பட்டறையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் தகடு வந்தது. மூன்று விரல் அகலம்தான் இருக்கும். நடுவில் ஒரு பொடி ஓட்டை. ஓட்டை எதுக்கு அண்ணே என்று கேட்டேன். "முழுசா அடைச்சா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு விளக்கு எரிய வைக்கும் தம்பி. கொஞ்சூண்டு காத்து போனா ஏமாந்துரும்" என்றார். இருட்டில் தகட்டை மாட்டும்போது டார்ச் அடித்துப் பிடித்துக் கொண்டவன் நான். இது என்னமோ பெரிய வித்தை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக் கொண்டதும் நான்தான்.

பாலிடெக்னிக் சேர்ந்து நாலாவது செமஸ்டரில்தான் அந்தத் தகடு என்ன செய்தது என்று புரிந்தது. ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஒரு பங்காகப் பதினேழு பங்கிலிருந்து நசுக்குகிறோம். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றுகிறது. ரொம்பச் சூடு. அந்தச் சூட்டில் காற்றில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூச்சுக்குழாய்க்குத் தெரியும். இதைக் குறைக்கத்தான் எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்புகிறார்கள். எரிந்த வாயுவுக்கு மறுபடி எரியத் தெரியாது. சும்மா இடத்தை அடைத்து சூட்டைத் தணிக்கும். அந்த வழியில் இருக்கிற வால்வுதான் ஈ.ஜி.ஆர். இதில் தொல்லை என்னவென்றால் திரும்பி வருகிற புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து கருப்புக் களிம்பாகி வழியை அடைக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போன வண்டியில் இன்டேக் மேனிபோல்டைக் கழற்றிப் பாருங்கள், சாப்பிட முடியாது உங்களால் அன்றைக்கு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் வேலை. தகடு மாட்ட அரை மணி நேரம். மெக்கானிக் தகட்டைத்தானே சொல்வார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்ம ஊரில் டீசல் வண்டிக்கு எடுக்கிற சோதனை கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. ஆக தகடு மாட்டிய வண்டி சோதனையில் ஜோராகப் பாஸ் ஆகும்!

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் வோக்ஸ்வேகன் கம்பெனியைப் பிடித்த கதையை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். வண்டி சோதனையில் நிற்கிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று சாப்ட்வேர் கண்டுபிடிக்கும். சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அளவில்லாமல் போகும். உலகம் முழுக்க சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அந்த சாப்ட்வேர். வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே "அடப்பாவிகளா!" என்றது. நானும் சொன்னேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவன் சாப்ட்வேரில் செய்ததை நாங்கள் தகட்டில் செய்திருக்கிறோம். கம்ப்யூட்டரை ஏமாற்ற ஓட்டைகூடப் போட்டிருக்கிறோம்.

அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தகடு மாட்டுவதற்கு முந்தைய ஆறு மாதச் சராசரி லிட்டருக்கு 17.4. மாட்டிய பிறகு ஆறு மாதச் சராசரி 17.3. கூடவே இல்லை! இழுவை கூடியதுபோல் அப்பாவுக்குத் தோன்றியதற்கு அதே நாளில் மாற்றிய ஏர் ஃபில்டர் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் செலவும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். "அப்ப சும்மா மாட்டுனதாடா?" என்றார். பேசாமல் இருந்தேன். நீங்களும் நானும் பட்டறையில் கேட்கிற "மைலேஜ் கூடும்" என்ற வார்த்தையை எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிட்டவர்கள் எத்தனை பேர்?

ஆனால் தகட்டை உடனே கழற்றவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பரீட்சை, பிறகு லீவு, பிறகு பார்த்துக்கலாம்... எட்டு மாதம் ஓடிவிட்டது.

* * *

2025 மார்ச். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா. ஊரே ரோட்டில் இருந்தது. மதுரையிலிருந்து திரும்பி வந்த அப்பாவும் நானும் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக் கொண்டோம். முன்னால் பால்குடம் எடுத்தவர்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்தான் ஓட்டினேன். ஒரு இடத்தில் வழி கிடைத்ததும் சந்தில் திருப்ப ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் இருந்து கரும்புகை மொத்தையாக வெளியே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு நின்ற ஒரு அம்மா தலையிலிருந்து கையை எடுக்க முடியாமல், முகத்தை மட்டும் திருப்பிக் கொண்டு இருமினார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை அவர்கள் முந்தானையில் மூக்கைப் புதைத்தது.

அவர்கள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், மறந்தும் போயிருப்பேன்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு இளைப்பு. காரை வாசலில் ஸ்டார்ட் செய்தால் ஜன்னலைச் சாத்திவிடும். "உங்கப்பன் வண்டி வந்தா காக்கா கூட உக்காராது" என்று சொல்லும். நாங்கள் சிரிப்போம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012 ஜூனில் உறுதியாக அறிவித்துவிட்டது. புகையிலை எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே பட்டியல். நாங்கள் இந்தக் காரை வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால்!

அடுத்த மாதம் புகைச் சான்றிதழ் முடிகிற நேரம். எங்களுடையது பி.எஸ்.3 வண்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு மையத்துக்குப் போனேன். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், ஸ்லிப் வந்துவிட்டது. குழாயை சைலன்சரில் விடவே இல்லை. "டெஸ்ட் பண்ணலையா அண்ணே?" என்று கேட்டேன். "பாஸ்தான் தம்பி, எடுத்துட்டுக் கிளம்பு" என்றார். இத்தனை வருஷமும் இப்படித்தான் கிளம்பியிருக்கிறோம், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வேறொரு இடத்தில் தெரிந்தவரிடம் கெஞ்சி முறைப்படி டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மிதித்து எடுக்கிற ரீடிங். எங்கள் ரக வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ். வந்தது 78. அவர் என் முகத்தைப் பார்த்து, "இதை பிரிண்ட் எடுக்கணுமா?" என்றார். எடுக்கச் சொன்னேன். அந்தத் தாள் இன்னும் டீசல் நோட்டுக்குள் இருக்கிறது.

* * *

அந்த நேரத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. 2025 நவம்பரில் காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால் ஐந்து வருஷம் ஓட்டலாம். டில்லியில் என்றால் பத்து வயதிலேயே டீசலுக்கு வம்பு. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, அதற்குப் பிறகும் அங்கே ஏற்றமும் இறக்கமுமாகப் போகிறது. தமிழ்நாட்டில் பத்து வருஷ விதி கிடையாது. கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

மாமா வந்தார். "மச்சான், வித்துத் தள்ளுங்க. ஒரு பெட்ரோல் வண்டியோ கரண்டு வண்டியோ எடுங்க. என்ன மாப்ளே, நீதான் படிக்கிறியே, சொல்லு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வைவாவில்கூட இவ்வளவு வேர்க்கவில்லை எனக்கு.

நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓடுகிறோம். டீசலில் லிட்டருக்கு 18 கிடைத்தால் 833 லிட்டர், 92 ரூபாய் வீதம் ஏறக்குறைய 76,700 ரூபாய். அதே அளவுப் பெட்ரோல் காரில் 15 கிடைத்தால் 1,000 லிட்டர், 1,01,000 ரூபாய். வருஷத்துக்கு 24,000 ரூபாய்க்குச் சற்று மேல் டீசலில் மிச்சம். ஆனால் வருஷம் 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு இந்த மிச்சம் 8,000தான். ஒரு இன்ஜெக்டர் கோளாறு வந்தால் மூன்று வருஷ மிச்சம் போச்சு! ஆகவே வீட்டிலிருந்து செக்காலை ரோடு, அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டு என்று சுற்றுகிறவர்கள் டீசல் கார் வாங்குவது வீண். புது டீசல் என்றால் இன்னும் மோசம். பி.எஸ்.6 வண்டியில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது பிடித்த கரியை எரிக்க நீளமாக ஹைவேயில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக் கொண்டு விளக்கு எரியும். இது என் அழுத்தமான கருத்து: கவுரவத்துக்கு டீசல் வாங்காதீர்கள்.

கரண்டு வண்டி விஷயத்தில் மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் நம்ம ஊரில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் உட்கார்ந்து டீசலுக்கு வக்காலத்து வாங்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் அடுத்த வண்டி அதுதான். ஆனால் இன்றைக்குப் புது வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிற அளவுக்கு முறுக்கு விற்கவில்லை.

விற்பதைப் பற்றித்தான் எனக்கு வேறு அபிப்பிராயம். இந்தக் காரை விற்றால் புகை போய்விடுமா? வாங்குகிறவர் தகட்டோடு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். எங்கள் வாசலில் வராத புகை அவர் வாசலில் வரும். இருமுகிற அப்பத்தா வேறொருவருடைய அப்பத்தாவாக இருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று, முறையாக உடைக்கக் கொடுக்க வேண்டும். இல்லை, நாமே வைத்துக் கொண்டு சரி செய்ய வேண்டும். நான் இரண்டாவதைச் சொன்னேன். அப்பா, "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

மலிவான வேலையிலிருந்து ஆரம்பித்தோம். ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் ஒரு கைப்பிடி கொட்டியது. நம்ம பக்கத்துச் செம்மண் தூசிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் எல்லாம் ஒத்துவராது. பாதியிலேயே மாற்ற வேண்டும். டர்போவிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல், காற்று வெளியே போய்க் கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றியதும் 78 என்பது 69க்கு வந்தது. இன்னும் ஃபெயில்தான்.

அடுத்தது இன்ஜெக்டர். டயரில் நாம் அடிக்கிற காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது இரண்டே கால் பார் சொச்சம். காமன் ரெயிலில் டீசல் நிற்பது 1,600 பார். டயரைப்போல் எழுநூறு மடங்கு! அது வெளியே வருகிற துளை தலைமுடி கனம். அந்தத் துளை தேய்ந்தால் டீசல் பனிபோலத் தெறிக்காமல் சொட்டும், சொட்டினது கரியாகும். பட்டறை அண்ணன் நாலு இருமல் மருந்து பாட்டிலும் டியூபும் கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனையும் ஒரு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட விட்டோம். மூன்று பாட்டில் ஒரே மட்டம். மூன்றாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் இரண்டு மடங்கு. இதைவிட நல்ல எக்ஸ்பெரிமென்ட் மூன்று வருஷ டிப்ளமோவில் நான் பார்க்கவில்லை! நாலு இன்ஜெக்டரையும் மதுரையில் பெஞ்சில் போட்டுச் சரிபார்த்து, ஒன்றை மாற்றி, மொத்தம் 22,000 ரூபாய். அம்மாவுக்கு இது இன்றுவரை முழுசாகத் தெரியாது. (அம்மா மலர் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

கடைசியில் தகடு. நானே கழற்றினேன். மேனிபோல்டையும் ஈ.ஜி.ஆர். வால்வையும் இறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டினேன். விரல் நகத்தில் இருந்த கரி போக ஒரு வாரம் ஆனது. பட்டறை அண்ணன் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் மாட்டுறான், நீ கழட்டுறே. லாரியும் டவுன் பஸ்ஸும் விடுற புகையில உன் கார் எம்மாத்திரம் தம்பி?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: அந்தப் பால்குடத்து அம்மாவுக்குப் பின்னால் அன்றைக்கு நின்றது லாரி இல்லை அண்ணே, நான்.

மறுபடி டெஸ்ட் எடுத்தோம். 41. மைலேஜ் 18.1. இன்ஜெக்டரால்தான் கூடியிருக்கும், தகட்டைக் கழற்றியதால் குறையவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும். நவம்பரில் ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. 2030 வரைக்கும் ஓடலாம். அப்பாவுக்கு இன்னும் அரை மனசுதான். இழுவை கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது என்று மாதம் ஒருமுறை சொல்கிறார். மேனிபோல்டை நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும், அப்போது நான் எங்கே வேலையில் இருப்பேனோ! ஒரகடமா, ஓசூரா, துபாயா?

* * *

இப்போது சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம்மில் பாதிப் பேர் நாளைக்குச் சர்வீஸ் சென்டரிலோ சொந்தப் பட்டறையிலோ நிற்கப் போகிறோம். "தகடு மாட்டுங்க" என்று ஒரு அண்ணன் வந்து கேட்பார். மாட்டிக் கொடுத்தால் முந்நூறு ரூபாய். மாட்டாவிட்டால் பக்கத்துப் பட்டறைக்குப் போவார். அந்த இடத்தில் நாம் என்ன செய்வோம் என்பதைச் சிலபஸ் சொல்லித் தராது. நான் என்ன செய்வேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டார்ச் பிடித்தவன் நான்.

ஆனால் ஒன்று இப்போதே செய்யலாம். நம் லேப்பில் புகை அளக்கிற மெஷின் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பிராக்டிகலுக்கு உறையை எடுத்து, ரீடிங் எழுதி, மறுபடி உறை போடுகிறோம். திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வாசலில் அதை வைத்து, வருகிற டீசல் வண்டிக்கெல்லாம் இலவசமாக அளந்து சொன்னால் என்ன? சான்றிதழ் நாம் தர முடியாது, தரவும் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் உண்மையான ரீடிங்கை எழுதி, பக்கத்தில் அனுமதி அளவையும் எழுதிக் கொடுப்போம். கூடவே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிக் காட்டுவோம். பாதி வண்டிக்கு அதுவே போதுமானதாக இருக்கும் என்று நினைக்கிறேன். துறைத் தலைவரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டேன். "மாணவர்கள் பதினைந்து பேர் பெயர் கொடுத்தால் பார்க்கலாம்" என்றார்.

இதுவரை ஒன்பது பெயர் இருக்கிறது. ஆட்டோமொபைல்தான் என்று இல்லை. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் யாரும் வரலாம், சிவில் நண்பர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வரலாம். இறுதியாண்டு ஆட்டோ வகுப்பில் கடைசி பெஞ்சில் மத்தியானம் இருப்பேன். முதல் வண்டி எங்களுடையதுதான் என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. பலகார டின் ஒன்று கொண்டு வருவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.